கிருமியைக் கொல்வது துடிப்பு அல்ல, குளோரின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீருக்குள் 'துடிப்பு மின்சாரம்', அதாவது விட்டு விட்டுப் பாயும் மின்சாரம், கொடுத்தால் சொற்பச் செலவில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து வரும், அதே வேகத்தில் தண்ணீரில் உள்ள கிருமிகளும் செத்துவிடும், மருந்தே வேண்டாம் என்று சொல்லும் கருவிகள் கண்காட்சிக் கடைகளிலும் வாட்ஸ்அப் காணொளிகளிலும் வலம் வருகின்றன. இவை வீட்டுக் குடிநீர் வரை வந்துவிட்டதால் இதை எழுதுகிறோம். சொற்பச் செலவு என்பது அளவிடும் முறையில் நேரும் பிழை. கிருமி சாவது பல சமயம் உண்மைதான். ஆனால் அதைக் கொல்வது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பிலிருந்து கருவியின் மின்தகடு உண்டாக்கும் குளோரின். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குபவர், கருவி வேலை செய்யாத தண்ணீரையும் நம்பிக் குடிப்பார்.

துடிப்பால் நீரைப் பிளப்பது புதிதும் அல்ல. மின்சாரத்தால் நீர் முதன்முதலில் பிரிந்ததே அப்படித்தான். 1789இல் ஆம்ஸ்டர்டாமில் பேட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக், டைமன் ஆகிய இருவர் உராய்வு மின் இயந்திரத்தையும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் லேடன் ஜாடியையும் வைத்து நீருக்குள் பொறி பொறியாக மின்சாரம் விட்டார்கள். குழாயின் மேல்பகுதியில் வாயு சேர்ந்தது. கம்பி முனை நீருக்கு வெளியே வந்ததும் அடுத்த பொறி அந்த வாயுவையே வெடிக்கவைத்து மறுபடியும் நீராக்கியது. 1800இல் வோல்டாவின் மின்கல அடுக்கு வந்ததும் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் தொடர் மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன், மறு கம்பியில் ஆக்சிஜன் எனத் தனித்தனியே வந்தது அதன்பிறகுதான்.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் நீரில் 111 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. முழுவதையும் பிரிக்க, வெப்பத்தையும் சேர்த்துக் குறைந்தது 4.4 யூனிட் ஆற்றல் வேண்டும். நல்ல தொழிற்சாலைக் கருவிகளே ஐந்தரை முதல் ஆறு யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன. அந்த ஹைட்ரஜனை எரித்தால் திரும்பக் கிடைப்பது அதிகபட்சம் அதே 4.4 யூனிட் வெப்பம். வண்டி எஞ்சினில் அதில் ஏறக்குறைய கால்வாசிதான் சக்கரத்துக்குப் போகும். மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுத்தாலும் துண்டு துண்டாகக் கொடுத்தாலும் இந்த அடிமட்டக் கணக்கு மாறாது.

பிறகு எப்படிச் சிலருக்குப் 'பத்து மடங்கு லாபம்' தெரிகிறது? பெரும்பாலும் மல்டிமீட்டரால். 12 வோல்ட், 10 ஆம்பியர் துடிப்பு நூற்றில் பத்துப் பங்கு நேரம் மட்டும் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான சராசரித் திறன் 12 பெருக்கல் 10 பெருக்கல் 0.1, அதாவது 12 வாட். சாதாரண மீட்டர் சராசரி வோல்டேஜ் 1.2 என்றும் சராசரி ஆம்பியர் 1 என்றும் காட்டும். இரண்டையும் பெருக்கினால் 1.2 வாட்! நடைமுறையில் துடிப்பு நின்ற இடைவெளியிலும் செல்லில் (தகடுகளும் நீரும் சேர்ந்த கலத்தில்) கொஞ்சம் வோல்டேஜ் தங்குவதால் பிழை பத்து மடங்குக்குச் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சரியாக அளக்க வேண்டுமானால் துடிப்பை உண்டாக்கும் மின்னணு ஸ்விட்சான மாஸ்ஃபெட்டுக்கு முன்னால், பேட்டரி பக்கத்தில் 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்து, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஓடும் சீரான மின்னோட்டத்தை அளக்க வேண்டும்.

வாயுவை அளப்பதிலும் இதே கதை. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஒரு செல் வழியே ஓடினால், 30 டிகிரி வெப்பநிலையில் இரண்டு வாயுவும் சேர்ந்து ஏறக்குறைய 0.7 லிட்டர் உலர்ந்த வாயு வரும். செல்களைத் தொடராக இணைத்தால் எத்தனை செல்லோ அத்தனை மடங்கு. இதைவிடக் கூடுதலாக வந்தால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். நீர் 60 டிகிரிக்குச் சூடேறிவிட்டால் வெளிவரும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் நீராவி. வாயுவைக் குளிர்ந்த நீர் வழியே விட்டு, தலைகீழாகக் கவிழ்த்த அளவுக் குழாயில் பிடித்தால் அந்தக் 'கூடுதல்' காணாமல் போகும்.

துடிப்பால் நட்டமும் உண்டு. சராசரி ஒரு ஆம்பியர் வேண்டும், ஆனால் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது என்றால் அந்த நேரத்தில் 10 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பியிலும் நீரிலும் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தொடர் மின்சாரத்தில் ஆவதைப்போல் பத்து மடங்கு வெப்பம் அங்கே வீணாகும்.

'நீரை மின்தேக்கியாக்கி ஒத்ததிர்வு கொடுத்தால் மூலக்கூறு தானே உடையும்' என்பது இன்னொரு சொல். நூறு சதுர சென்டிமீட்டர் தகடுகள் இரண்டு, 3 மில்லிமீட்டர் இடைவெளி, நடுவே சென்டிமீட்டருக்கு 500 மைக்ரோசீமன்ஸ் மின்கடத்துத்திறன் உள்ள குழாய்த் தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள். மின்தேக்குத் திறன் 2.4 நானோஃபாரட், அதற்கு இணையாக நீரின் தடை வெறும் 6 ஓம். ஏற்றிய மின்னூட்டம் 14 நானோ நொடியில் கசிந்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். அமெரிக்காவில் ஆண்ட்ரியா புஹாரிச் 1983இல் இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை இருப்பதால் கருவி சொன்னபடி ஓடும் என்று ஆகிவிடாது. ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயரின் 'நீர் எரிபொருள் செல்'லை வல்லுநர்கள் சோதித்தபோது அது வழக்கமான மின்பகுப்பே என்று தெரிந்தது. 1996இல் நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, முதலீட்டாளர் இருவருக்கு 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது.

இதனால் துடிப்புக்கு வேலையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மின்சாரம் நிற்கும் இடைவெளியில் தகட்டில் ஒட்டிய குமிழ்கள் கழன்று மேலே போகும், தகட்டை ஒட்டிய நீரில் அயனிகள் மறுபடி நிரம்பும். ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இதைக் கவனமாக அளந்து வருகிறார்கள். கிடைப்பது சிறு முன்னேற்றம். அதிர்வெண்ணைக் கண்டபடி ஏற்றினால் அதுவும் போய்விடும். தகட்டின் மேற்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோஃபாரட் அளவில் மின்தேக்கி போல மின்னூட்டம் பிடிக்கும் மின் இரட்டை அடுக்கு ஒன்று இருக்கிறது. வேகமான துடிப்பு அதை நிரப்பிக் காலி செய்வதிலேயே தீர்ந்துவிடும், நீரைப் பிரிக்காது.

இனிக் கிருமி. மின்துடிப்பு கிருமியைக் கொல்லும் என்பதற்கு உண்மையான அறிவியல் இருக்கிறது. 1967இல் சேல், ஹாமில்டன் இருவரும் உயர் மின்புலம் நுண்ணுயிரிகளைக் கொல்வதை முறையாக நிறுவினார்கள். பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சவ்வின் குறுக்கே ஏறக்குறைய ஒரு வோல்ட் ஏறினால் சவ்வில் துளை விழும், உள்ளிருப்பது கசியும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பாக்டீரியாவின் குறுக்களவே ஒரு மைக்ரோமீட்டர். அவ்வளவு சிறிய உடலின் சவ்வில் ஒரு வோல்ட் ஏற வேண்டுமானால் வெளியே சென்டிமீட்டருக்கு 13,000 வோல்ட் புலம் வேண்டும். பழச்சாறு பதப்படுத்தும் ஆலைகள் சென்டிமீட்டருக்கு 10,000 முதல் 40,000 வோல்ட் வரை, மைக்ரோ நொடிக் கணக்கில் துடிப்புகள் கொடுப்பது இதற்காகத்தான். அங்கும் பாக்டீரியாவின் வித்துகள் தப்பிவிடும். நீரிலோ சாற்றிலோ சிறு காற்றுக் குமிழ் இருந்தாலும் இடைவெளியில் மின்வில் பாயும்.

கண்காட்சிக் கருவியில் என்ன இருக்கிறது? 12 வோல்ட்டும் 3 மில்லிமீட்டர் இடைவெளியும். புலம் சென்டிமீட்டருக்கு 40 வோல்ட். தேவையானதில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதிர்வெண்ணை எப்படித் திருகினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

ஆனாலும் அந்த வாளித் தண்ணீரைச் சோதித்தால் கிருமி இல்லை என்று வரலாம். காரணம் உப்பு. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் குளோரைடு இருப்பது சாதாரணம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 கூட 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு வழியில்லாதபோது 1,000 வரை அனுமதிக்கிறது. நேர்மின் தகட்டில் அந்தக் குளோரைடு குளோரினாக மாறி, நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் கோட்பாட்டுப்படி 1.32 கிராம் குளோரின். பத்து லிட்டர் வாளியில் 100 மில்லி ஆம்பியர் பத்து நிமிடம் ஓடினால் 22 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 2.2 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே குளோரினாக மாறினாலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் மிச்சக் குளோரின் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று தரநிலை கேட்பதும் இதே 0.2தான். ஒரு டார்ச் பேட்டரி தரும் அளவு மின்னோட்டம் போதும். துடிப்புக்கு இங்கே எந்தப் பங்கும் இல்லை.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். குளோரின்தான் கொல்கிறது என்றால் குளோரினுக்குரிய எல்லா விதிகளும் இந்தக் கருவிக்கும் பொருந்தும். மழைநீர்த் தொட்டியில் குளோரைடு மிகக் குறைவு. அங்கே கருவி குமிழ் விடும், கிருமியைத் தொடாது. வெள்ளம் புகுந்த கிணற்றில் அமோனியாவும் அழுகல் பொருளும் இருக்கும். உண்டான குளோரினை அவை தின்றுவிடும். பிஎச் 8 உள்ள நீரில் குளோரினில் கால்வாசிதான் வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், ஆகவே கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பிஎச் 8க்குக் கீழ் உள்ள நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சக் குளோரின், குறைந்தது 30 நிமிடம். 'பட்டனை அழுத்திய ஒரு நிமிடத்தில் குடிக்கலாம்' என்னும் விளம்பரம் இதனால்தான் ஆபத்தானது.

இதை எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் நிரூபிக்கலாம். ஒரே கிணற்றுத் தண்ணீரை மூன்று பத்து லிட்டர் வாளிகளில் எடுங்கள். முதல் வாளியை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் கருவியை ஓட்டுங்கள். மூன்றாவதில் முதலில் ஒரு கிராம் சோடியம் தயோசல்ஃபேட்டைக் கரைத்துவிட்டு, அதே ஆம்பியரில் அதே நேரம் ஓட்டுங்கள். வண்ணமீன் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் படிகம் இதுதான். உண்டாகும் குளோரினை உண்டான இடத்திலேயே அது முறித்துவிடும், மின்துடிப்பை எதுவும் செய்யாது. அரை மணி கழித்து மூன்றிலிருந்தும் ஹைட்ரஜன் சல்பைடு பரிசோதனைக் குப்பியில் குறியிட்ட அளவு ஊற்றி, நிழலில் அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். மலக்கழிவுக் கிருமி இருந்தால் குப்பி கறுக்கும். துடிப்புதான் கொல்கிறது என்றால் மூன்றாவது குப்பி கறுக்கக் கூடாது. குளோரின் கொல்கிறது என்றால் முதலாவதும் மூன்றாவதும் கறுக்கும், இரண்டாவது மட்டும் தெளிவாக நிற்கும். முதல் குப்பியே கறுக்கவில்லை என்றால் அந்தத் தண்ணீர் சோதனைக்கு உதவாது. வேறு தண்ணீர் எடுங்கள். கறுத்த குப்பிகளில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி வைத்த பிறகே கொட்ட வேண்டும்.

கூடவே இரண்டாவது வாளியின் மிச்சக் குளோரினை, அதை நிறத்தால் காட்டும் டிபிடி மாத்திரையால் பாருங்கள். ஊராட்சிகளில் பயன்படும் ஆர்த்தோடாலிடின் குளோரோஸ்கோப்தான் இருக்கிறது என்றால் பத்து நொடிக்குள் தெரியும் மஞ்சளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் தனிக் குளோரின். கால் மணி கழித்து ஏறும் நிறத்தில் கிருமியை மெதுவாகவே கொல்லும் கூட்டுக் குளோரினும் சேர்ந்துவிடும்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது தகடு. மலிவுக் கருவிகள் எவர்சில்வர் தகடு போடுகின்றன. 304 ரக எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். உப்பு நீரில் நேர்மின் தகடாக நின்றால் அது குழி விழுந்து கரையும். நீரில் மெல்லிய மஞ்சள் தட்டினால் ஆறு இணைதிறன் குரோமியம் என்று சந்தேகிக்க வேண்டும். அது புற்றுநோய் உண்டாக்குவது. தரநிலை அனுமதிப்பது மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02 மில்லிகிராம். கிருமியை நீக்கப் போய் இதைக் குழந்தைக்குக் கொடுப்பதா? வாயு எடுப்பவர்களும் அந்தச் செல்லில் மிஞ்சிய பழுப்புக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

சரியான தகடு டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசியது. இதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நன்கொடையிலும் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், டைட்டானியம் அடித்தளமுள்ள கரையாத நேர்மின் தகடுகளை உருவாக்கி நாட்டின் குளோரின் ஆலைகளுக்குக் கொடுத்தது. நம் மண்ணில் இவ்வளவு அறிவு இருக்கும்போது மக்கள் எவர்சில்வர் டம்ளரைச் சுற்றிக் கம்பி கட்டுவது வருத்தமாக இருக்கிறது.

உப்பிலிருந்து கிருமிநாசினி எடுப்பதே நோக்கம் என்றால் நேர்வழி இருக்கிறது. ஒரு லிட்டர் மென்னீரில் 30 கிராம் உப்பு. பூச்சுள்ள டைட்டானியத் தகடுகள், வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்திய 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி). 230 வோல்ட்டை டயோடு மட்டும் போட்டு நேரடியாக நீருக்குள் விடுவது கொலைக்குச் சமம். நூற்றுக்கு அறுபது பங்கு மின்னோட்டம் குளோரினாகும் என்று கொண்டால் 1.6 ஆம்பியர் நான்கு மணி நேரத்தில் லிட்டருக்கு 5 கிராம் வீரியமுள்ள ஹைப்போகுளோரைட் கிடைக்கும். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கின் பயன்படுத்திய கரைசலும் இதே அரை சதவீத வீரியம்தான். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். கரைசல் 40 டிகிரியைத் தாண்டினால் குளோரேட்டாக மாறத் தொடங்கும், தொட்டுப் பார்த்துச் சூடேறினால் ஆம்பியரைக் குறையுங்கள். அன்றன்று செய்து அன்றன்று பயன்படுத்துவது நல்லது. நம் வெயிலில் வீரியம் சீக்கிரம் இறங்கும்.

ஐந்து கிராம் குளோரினுக்குச் செலவாகும் மின்னோட்டம் ஏறக்குறைய மூன்று லிட்டர் ஹைட்ரஜனையும் தரும். 60 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டிக்குள் செல்லை வைத்தால் அது ஐந்து சதவீதத்தை நெருங்கும். காற்றில் நான்கு சதவீதத்திலிருந்தே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். ஸ்விட்ச் பொறி போதும். ஆகவே செல்லின் வாய் திறந்திருக்க வேண்டும், அறையின் மேல்பக்கம் காற்றுப் போக வழி வேண்டும். எதிர்மின் தகட்டில் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாக ஏறி ஆம்பியர் இறங்கும்போது வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். அதற்கு முன் ஹைப்போகுளோரைட் துளியும் இல்லாமல் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, வீட்டுக்கு வரும் ஆர்ஓ விற்பனையாளர் காட்டும் நான்கு கம்பிக் கருவி. குழாய்த் தண்ணீர் டம்ளர் பழுப்பும் கறுப்புமாகக் குழம்பும், ஆர்ஓ தண்ணீர் டம்ளர் தெளிவாக நிற்கும். 'நீங்கள் குடிக்கும் அழுக்கு இதுதான்' என்பார். அந்தக் குழம்பு இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் கரைந்து வந்தது. ஆர்ஓ நீரில் உப்பு குறைவு, மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை. அவர் கண்முன்னே அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் குழம்பும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கருவி பற்றிய செய்தியோ விளம்பரமோ வரும்போது ஆறு விவரங்களைக் கேட்டு வாங்கி அதனோடு வெளியிடுங்கள்: தகடுகளுக்கு இடையே எத்தனை வோல்ட், எத்தனை மில்லிமீட்டர், சோதித்த தண்ணீரில் குளோரைடு எவ்வளவு, ஓட்டியபின் மிச்சக் குளோரின் எவ்வளவு, தகடு என்ன உலோகம், நீரில் குரோமியம் அளந்தார்களா. கூடவே தயோசல்ஃபேட் போட்ட வாளியின் முடிவையும் கேளுங்கள். தர மறுப்பவரின் கருவியை வாங்க நினைத்திருக்கும் வாசகர்கள் அதுவரை பழைய வழியில் இருக்கலாம். ஆயிரம் லிட்டருக்கு 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம், ஒரு குவளை நீரில் குழைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பவுடர் பை வாய் திறந்து கிடந்ததென்றால் வீரியம் போயிருக்கும். புதுப் பை வாங்குங்கள்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் இருவர்,
சிவகங்கை மாவட்டம்
(பெயர், முகவரி தங்கள் பார்வைக்குத் தனியே இணைக்கப்பட்டுள்ளன.)